ஏரித் தண்ணீர் வேண்டாம், ஐயா!

கேள்வி: என் பவளத் தொட்டிக்குப் பழவேற்காடு ஏரியிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவருகிறேன். நீர்மட்டம் குறைந்தாலும் அதையே ஊற்றுகிறேன். மென்பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. முள் உப்புமானி 1.030 காட்டுகிறது. என்ன செய்வது?
– வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: முதலில் அந்தக் கேனை மூலையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் புகுந்து ஏரியைச் சப்பென்று ஆக்கிவிடும். கோடையில் அதே ஏரி கடலைவிடக் கரிக்கும். பவளத்துக்கு இந்த ஊசலாட்டம் ஆகாது. கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு, அதாவது மானியில் 1.026 (வெறும் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு), அதிலேயே நிற்க வேண்டும்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் உப்புநீரையே ஊற்றுவது, சுண்டிய குழம்பில் மறுபடி உப்புப் போடுவது போலத்தான். குறைந்த மட்டத்தை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். பழைய நீரை மாற்றும்போது, பவளத் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். சமையல் உப்பு கூடவே கூடாது.

முள் ஆடும் பிளாஸ்டிக் மானியை நான் நம்புவதே இல்லை. முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே உப்பைக் கூட்டிக் காட்டும். ஒரு சொட்டு நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்த்ததோடு விடாமல், 35 கிராம் உப்புக்கு ஈடான அளவுக் கரைசல் ஒரு சொட்டு விட்டுச் சரிபாருங்கள்.

அதுவும் 1.030 என்றே சொன்னால் பதற்றம் வேண்டாம். தொட்டி நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. நீர் ஊற்றி, நாளுக்கு 0.001 வீதம் இறக்குங்கள்.