லிமொன்செல்லோ செய்ய 95 சதவீத ஆல்கஹால் கட்டாயமா? எங்கே வாங்குவது?

யாரோ இத்தாலிக்குச் சுற்றுலா போய்வந்து உங்களுக்கு லிமொன்செல்லோ என்ற இத்தாலிய எலுமிச்சை மதுவை ஒரு சின்னப் போத்தல் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் லண்டனிலோ பாரிஸிலோ உட்கார்ந்து வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே கடைப் போத்தலில் இருப்பது 42.8 சதவீதம். அதற்கு மேல் எரிசாராயம் என்று தேடப் போனால் உரிமம், மதுவிலக்குப் போலீஸ் என்று கதை வேறு பக்கம் போய்விடும்.

நான் இருப்பது பலெர்மோவில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வீட்டு வேலை செய்து பிழைத்தவள். இத்தாலியில் 95, 96 சதவீதத் தூய ஆல்கஹால் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். இங்கிலாந்தில் இருந்தால் போலந்துக்காரர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் தடை.

அதே சூப்பர் மார்க்கெட்டில், தரை துடைக்கும் சாமான்களுக்குப் பக்கத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில் இன்னோர் ஆல்கஹால் மலிவாக இருக்கும். யாரும் குடிக்கக் கூடாதென்றே கெடுத்து வைத்தது அது. கொதிக்கவைத்தாலும் வடிகட்டினாலும் சமையலுக்கு ஆகாது. "கேக்கில் நாலு சொட்டுத்தானே" என்று மருந்துக்கடை ஸ்பிரிட்டை நினைப்பவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் வேலை செய்த வீட்டுச் சீமாட்டி கண்டிப்பானவர். ஒரு லீட்டருக்குப் பத்து எலுமிச்சை, மெழுகு பூசாதது. மஞ்சள் தோலை மட்டும் சீவ வேண்டும். வெள்ளை ஒட்டியிருந்தால் அந்தத் துண்டைத் திருப்பி என் கையில் வைப்பார். தோலின் வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். வோட்காவில் பாதிக்கு மேல் தண்ணீர், அதனால் இழுக்கும் வேகம் குறைவு. 95 சதவீதத்தில் ஒரு வாரம் ஊறிய தோலை எடுத்து வளைத்துப் பாருங்கள்: நிறம் வெளுத்து, 'டக்'கென்று ஒடியும். பிறகு நன்றாக ஆறிய சீனிப்பாகை ஊற்றியதும் தெளிவாக இருந்தது ஒரே கணத்தில் பால்மஞ்சளாகக் கலங்கும். கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிவதால் வரும் கலங்கல்; கெட்டுப்போகவில்லை. ஒரு லீட்டருக்கு இரண்டு லீட்டர் பாகு என்றால் கடைசியில் சுமார் 30 சதவீதம் நிற்கும். வோட்காவில் அதே பாகை ஊற்றினால் 13 சதவீதம்தான் மிஞ்சும். பாகைக் குறைத்து வோட்காவில் செய்பவர்கள் உண்டு. செய்யட்டும்.

வனிலா ஊறவைக்க 95 சதவீதம் வேண்டாம். 40 சதவீதமே நல்லது. தீ மூட்டிப் பரிமாறும் பலகாரங்களுக்கும் அதுவே போதும். 95 சதவீதத்தின் ஆவி அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும். அடுப்பை அணைக்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

"ஒரு தமிழ்ப் பெண் சாராயம் காய்ச்சச் சொல்லித் தருகிறாள்" என்று எழுத வருபவர்களுக்கு: நான் காய்ச்சவில்லை, ஊறவைக்கிறேன். நான் குடிப்பதும் இல்லை. கேக்குக்குத்தான் ஊற்றுகிறேன். வெந்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று பொய்யும் சொல்ல மாட்டேன். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி கால் மணி நேரம் வெந்த பிறகும் சுமார் 40 சதவீதம் தங்கும். அதனால்தான் எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை விழாவுக்குக் கொண்டுபோன கேக்கின் பெட்டி மேல் "மது சேர்ந்தது, பெரியவர்களுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டினேன். பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று செய்திருந்தேன். நிர்வாகத்தார் இரண்டையும் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் நின்ற காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். அதில் இருந்தது எலுமிச்சைச் சாறு இல்லை. மண்டப வாடகைக் கணக்கை இன்றுவரை யாருக்கும் காட்டாதவர்களும் இவர்கள்தான். கேட்டால் "அக்கா, நீங்கள் சமையலைப் பாருங்கள்" என்பார்கள்.

இன்னொன்று. 70 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டு அனுப்பவும் முடியாது. ஆகவே "வரும்போது ஒரு போத்தல்" என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.