நிலத்துக்குப் பதிலாக வந்த காகிதம்

அன்புள்ள ஐயா,
தைவானில் நிலத்தைப் பங்கிட்டதால்தான் தொழில் வளர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். விவசாயமே இல்லாத சிங்கப்பூருக்கு இது எப்படிப் பொருந்தும்? நம்மை வளர்த்தது துறைமுகமும் ஆங்கிலமும் அல்லவா?
பொங்கோலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேலை முடிந்து வந்து இதையெல்லாம் படிக்கிறீர்களே, சந்தோஷம். ஆனால் பொங்கோலில் இருந்துகொண்டா விவசாயம் இல்லை என்கிறீர்கள்? 1980-களின் கடைசி வரை அங்கே பன்றிப் பண்ணைகள் இருந்தன, ஐயா! துறைமுகமும் ஆங்கிலமும் 1950-லும் இருந்தன, இந்த அளவுக்குத் தொழில் வளரவில்லையே. அதை விடுங்கள்.

நிலச் சீர்திருத்தம் என்றதும் எல்லோரும் உழுதவனுக்கு என்ன கிடைத்தது என்றே பார்க்கிறார்கள். இழந்தவனுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. தைவானின் 1953 சட்டப்படி, நடுத்தர வளமுள்ள வயல் என்றால் நிலக்கிழார் சுமார் 2.9 ஹெக்டேர் வைத்துக்கொள்ளலாம். மிச்சத்துக்கு விலை, முக்கியப் பயிரின் ஆண்டு விளைச்சலைப்போல் இரண்டரை மடங்கு. ரொக்கம் கிடையாது. 70 சதவீதம் பத்தாண்டு அரசுக் கடன் பத்திரம், வட்டி 4 சதவீதம். அந்தத் தொகையும் பணமாக அல்ல, வயலுக்கு நெல் அளவிலும் புன்செய்க்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அளவிலும் எழுதியது. விலைவாசி ஏறினாலும் மதிப்பு கரையாது. மீதி 30 சதவீதம், சிமெண்ட், காகிதம் உள்ளிட்ட நான்கு அரசு நிறுவனங்களின் பங்குகள். பங்கு என்றால் என்னவென்றே அறியாத பலர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ஆலைக்காரர்கள் ஆனார்கள். தைவான் தொழிலதிபர் கூ சென்ஃபூவின் குடும்பம் தைவான் சிமெண்ட் நிறுவனத்துக்குள் வந்த வழி இதுதான்.

தென் கொரியாவிலும் பத்திரம்தான் கொடுத்தார்கள். 1950-இல் போர் வந்தது. தானியக் கணக்கில் எழுதிய பத்திரத்துக்கு அரசு நிர்ணயித்த விலையில் பணம் தந்தார்கள். சந்தை விலை எங்கோ போய்விட்டது. பெரும்பாலான நிலக்கிழார்கள் ஆலைப் பக்கமே வர முடியவில்லை.

சிங்கப்பூரில் பங்கும் இல்லை, நெல்லும் இல்லை. 1966-இல் இயற்றிய நில எடுப்புச் சட்டம், தொழிற்பேட்டைக்காகவும் தனியார் நிலத்தை எடுக்க வழிசெய்தது. பின்னர் வந்த திருத்தம் 1973 நவம்பர் 30-ஆம் தேதி விலையை இழப்பீட்டின் உச்சமாக்கியது. பக்கத்தில் சாலை வந்து விலை ஏறினால் அந்த ஏற்றம் உடைமையாளருக்கு இல்லை. நியாயமா என்றால், இல்லை. முழுச் சந்தை விலை தர 2007 வரை ஆனது. ஆனால் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருக்கும் பிழைப்புக்கு அது பெரிய அடி. ஜூரோங் தொழிற்பேட்டையில் ஆலை வைத்தவருக்கும் மனை சொந்தமில்லை, பெரும்பாலும் 30 ஆண்டுக் குத்தகைதான். இயந்திரத்தை ஓட்டித்தான் அவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

அன்புடன்,
ஆசிரியர்