கழுத்தில் அடைப்பு நீங்கிவிட்டது, இதயத்துக்கு என்ன ஜாதகம்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன் வலது கை மரத்து, பேச்சு குழறியது. இடது கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பை எடுத்தார்கள். இப்போது டாப்ளர் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. ‘இனி எதற்கு?’ என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து வருடத்தில் மாரடைப்பு வர வாய்ப்பு குறைவு என்கிறது ஒரு மொபைல் செயலி. நம்பலாமா?

பதில்: செயலியை ஓரமாக வையுங்கள். அந்த மாதிரிக் கணக்குகளில் பெரும்பாலானவை இதுவரை ரத்தக்குழாய் நோய் வராதவர்களுக்காக உருவானவை. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

சுத்தமான ஸ்கேன் நல்ல செய்திதான். ஆனால் அது கழுத்தில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டுமே சாட்சி. அங்கே படிந்த கொழுப்பு இதயத்தின் ரத்தக்குழாய்களை மட்டும் விட்டுவைத்திருக்குமா? இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் உயிருக்குப் பின்னாளில் அதிகம் உலை வைப்பது இதயம்தான்.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கென்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உருவான ‘ஸ்மார்ட்’ என்ற கணக்கு இருக்கிறது. வயது, புகைப்பழக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிறுநீரகத்தின் நிலை, உடலில் வேறு எங்கெல்லாம் அடைப்பு என்று எல்லாவற்றையும் கேட்கும். டாக்டரிடம் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். வரும் எண் கூட்டத்துக்கான சராசரிதான், அப்பாவின் தலையெழுத்து அல்ல.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறதா பாருங்கள். நெஞ்சுவலியே இல்லாமல் ஆபரேஷனை ஒட்டி அது உயர்ந்திருந்தாலும், பிற்காலத்தில் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்று பொருள். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவையும் பாருங்கள். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். வலித்தால் காலிலும் அடைப்பு இருக்கலாம்.

அப்புறம் அப்பா நிறுத்திய அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை. அது பெரும்பாலும் ஸ்டேட்டின் வகையாக இருக்கும். ஸ்டேட்டின் கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு, படிவு வெடித்து ரத்தம் உறையாமலும் காக்கிறது. ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்னும் கறாராக 55 என்கிறது. தசைவலிக்குப் பயந்து நிறுத்தியிருந்தால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் கூடவே நிறுத்திவிட்டாரா? அப்படியென்றால் இன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொன்று: சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும். திடீர் மூச்சுத்திணறலோ காரணமில்லாத வியர்வையோ வந்தால், ‘வாயுத்தொல்லை’ என்று அவர் சொன்னாலும் கேட்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.