ஆண்களுக்கு மார்பு பெருப்பது ஏன்? ஹார்மோன் மருத்துவர் பதில்கள்

என் மகனுக்கு 13 வயது. இடது காம்புக்கு அடியில் சின்னக் கட்டி, சட்டை உரசினாலே வலிக்கிறது என்கிறான். புற்றுநோயா டாக்டர்?

இல்லை அம்மா, பயப்படாதீர்கள். பருவ வயதில் பாதிப் பையன்களுக்காவது இது ஓரளவு வரும். அந்த வயதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவுக்கு ஏறுவதற்குள் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. இரண்டும் எல்லா ஆண் உடம்பிலும் உண்டு, விகிதம்தான் கணக்கு. ஒரு பக்கம் முதலில் வருவதும் சகஜம். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். தினமும் அழுத்திப் பார்க்க வேண்டாம், வலிதான் கூடும். பருவ மாற்றம் எதுவும் தொடங்காமலே மார்பு மட்டும் வளர்ந்தால் காட்டுங்கள். பையன் நெடுநெடுவென்று வளர்ந்தும் விரைகள் சிறிதாகவே இருந்தால் குரோமோசோம் பரிசோதனை தேவைப்படலாம். எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை அப்படித்தான் பிடிபடும்.

எனக்கு 32 வயது, எடை 98 கிலோ. இது கொழுப்பா, நிஜமாகவே மார்பகமா?

மல்லாந்து படுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து மெதுவாகக் காம்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். காம்புக்கு நேர் அடியில் ரப்பர் மாதிரி ஒரு வட்டு தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. காம்பு வரை எதுவும் தடுக்காமல் விரல்கள் சேர்ந்துவிட்டால் வெறும் கொழுப்பு, எடை குறைந்தால் அதுவும் குறையும். இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

புஷ்-அப் எடுத்தால் போய்விடுமா?

கீழே இருக்கும் தசை வளரும். சுரப்பி அப்படியே இருக்கும்.

அப்பாவுக்கு 67 வயது. இதயம் பலவீனமாகி நீர் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு பக்கமும் வீங்கி வலிக்கிறது.

சீட்டில் ஸ்பைரோனோலாக்டோன் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். உப்புநீரை வெளியேற்றும் அந்த மருந்து, ஆண் ஹார்மோனின் வேலையையும் தடுக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு அது வேண்டும். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் எப்ளெரெனோனுக்கு மாற்றலாமா என்று பார்ப்பார். புராஸ்டேட் மருந்துகள், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், பழைய அல்சர் மாத்திரை சிமெடிடின், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. மார்பு பெருத்து வலிக்கிறது என்று யார் வந்தாலும் முதலில் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பேன்.

ஜிம் போகிறேன், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். அது ஆண் ஹார்மோன்தானே சார், அதனால் எப்படி மார்பு வளரும்? புரோட்டீன் பொடிதான் காரணம் என்கிறார் நண்பர்.

பொடியைக் குறை சொல்வதை நண்பர் விட்டுவிடலாம். கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்றொரு என்சைம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதே அதன் வேலை. ஊசி ஏற ஏற மாற்றப்படும் அளவும் ஏறும்.

அப்படியானால் அரோமடேஸைத் தடுக்கும் மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் முடிந்தது. நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

முடியாது தம்பி. பருவ வயதுப் பையன்களுக்கு அனஸ்ட்ரோசோல் கொடுத்துப் பார்த்தார்கள், வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை. வளர்ந்துவிட்ட சுரப்பி அதற்கு அசைவதில்லை. அதோடு வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி வேலையை நிறுத்தும், விரை சுருங்கும், விந்தணு குறையும்.

விரையை எழுப்ப எச்சிஜி என்ற ஹார்மோன் ஊசி இருக்கிறதே?

அது விரையையே ஈஸ்ட்ரோஜன் சுரக்கவும் தூண்டும். ஒரு ஊசியின் கெடுதலை மூடப் போடும் ஊசி அதே கெடுதலைக் கூட்டுகிறது! வாதத்தில் ஜெயிப்பது உங்கள் இஷ்டம், விரையைத் தடவிப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டரைடு எடுக்கிறேன். இதே ஆபத்தா?

அபூர்வம், ஆனால் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் டிஎச்டி என்ற இன்னொரு ஆண் ஹார்மோன் ஆகும் வழியை அது அடைக்கிறது. மிஞ்சுவதில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜன் பக்கம் போகும்.

சோயா சாப்பிடலாமா?

அளவாகச் சாப்பிடுங்கள். ஒன்றும் ஆகாது.

பெஞ்ச் பிரஸ், டம்பெல் எல்லாம் செய்தால் கரையுமா?

புஷ்-அப் பதிலையே இதற்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

பல வருடக் குடி. ஈரல் சுருக்கம் என்றார்கள், இப்போது மார்பும் பெருக்கிறது.

மது விரையையும் கெடுக்கும், ஈரலையும் கெடுக்கும். ஈரல் சுருங்கும்போது ஆண் ஹார்மோன் குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் பக்கம் தராசு சாய்கிறது. உள்ளங்கை சிவந்திருக்கிறதா, தோளிலும் மார்பிலும் சிலந்திபோல் சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிகிறதா பாருங்கள், அவையும் இதே காரணத்தால் வருபவை. குடியை இன்றே விடுங்கள். ஈரல் மருத்துவரிடம் மார்பைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு யாரிடம் போவது?

பிளாஸ்டிக் சர்ஜன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனால் திசு நாராகிவிடும், மாத்திரை பெரிதாகக் கேட்காது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே கத்தி.

58 வயது. ஒரு பக்கம் மட்டும், காம்பிலிருந்து தள்ளிக் கல் மாதிரி கட்டி. காம்பு உள்ளிழுத்திருக்கிறது.

இங்கே காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், எல்லா மார்பகப் புற்றுநோய்களிலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. மேமோகிராம், ஸ்கேன், ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை, மூன்றும் தேவைப்படலாம்.

எனக்கு 24. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. இரண்டு மாதத்தில் இரண்டு பக்கமும் வளர்ந்துவிட்டது.

வெந்நீரில் குளித்ததும் இரண்டு விரையையும் விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டாலும் தட்டுப்படாவிட்டாலும் மருத்துவரிடம் போய் விரை ஸ்கேனும் எச்சிஜி, எஸ்ட்ராடியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்), டெஸ்டோஸ்டிரோன், எல்எச் (பிட்யூட்டரி ஹார்மோன்), தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் கேளுங்கள். விரைக் கட்டிகள் சில எச்சிஜி சுரந்து மார்பை வளர்க்கும், சில நேரம் மார்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். கூச்சப்பட்டுத் தள்ளிப் போடாதீர்கள் தம்பி.