கதிரியக்க உலோகம், நாலு கட்டம்: குறுக்கெழுத்துக் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை

உட்லண்ட்ஸ் வாசகி: டீச்சர், "கதிரியக்க உலோகம்", நாலு எழுத்து. ரேடியமும் பொருந்துது, தோரியமும் பொருந்துது. எதைப் போட?

பதில்: இப்போதைக்குக் கடைசி இரண்டு கட்டத்தில் 'ய', 'ம்' மட்டும் போட்டு வையுங்கள். இரண்டாம் கட்டத்தை வெட்டிப்போகும் சொல்லைப் பிடித்தால் போதும்: 'டி' வந்தால் ரேடியம், 'ரி' வந்தால் தோரியம். குறிப்பில் கியூரி தம்பதி வந்தால் ரேடியம். தோர் என்னும் இடிக்கடவுளோ, தோரியம் கிடைக்கும் தமிழ்நாட்டு மணவாளக்குறிச்சிக் கடல்மணலோ வந்தால் தோரியம். இரண்டுமில்லாமல் மொட்டையாக "கதிரியக்க உலோகம்" என்பது, என்னைக் கேட்டால், புதிர் போட்டவரின் சோம்பல்.

பிடோக் வாசகர்: மூணு எழுத்துன்னா ரேடான் சரிதானே?

பதில்: அது வாயு. ரேடியம் சிதையும்போது பிறப்பதால் பலரும் குழம்புகிறார்கள். "உலோகம்" என்று இருந்தால் அழித்துவிடுங்கள்.

தோ பாயோ வாசகர்: "நாட்டின் பெயர் கொண்ட கதிரியக்க உலோகம்"னு எம்ஆர்டி ரயில்ல பாத்தேன். இறங்குற வரைக்கும் விடை வரல.

பதில்: ஐந்து கட்டமென்றால் பொலோனியம். 1898இல் மேரி கியூரி அந்தப் பெயரை வைத்தபோது, அவர் பிறந்த போலந்து தனி நாடாகவே இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்குபோட்டிருந்தன. ஆறு கட்டமென்றால் பிரான்சியம். 1939இல் மார்கெரிட் பெரே கண்டுபிடித்தது. அமெரிசியத்துக்கும் ஆறு எழுத்துதான், ஆனால் அது கண்டத்தின் பெயர். குறிப்பில் "நாடு" என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈசூன் வாசகி: அப்பாவுக்கு இதய ஸ்கேன் எடுத்தப்போ கதிரியக்க மருந்து ஊசி போட்டாங்க. அதே வாரம் "ஸ்கேனுக்கு உதவும் உலோகம்", ஆறு எழுத்து, புதிர்ல வந்துச்சு!

பதில்: டெக்னீசியம். அணு எண் 43. செயற்கையாகக் கிடைத்த முதல் தனிமம்: அமெரிக்காவின் பெர்க்லியில் துகள் தாக்குதலுக்கு உள்ளான மாலிப்டினம் என்ற உலோகத் தகட்டிலிருந்து, இத்தாலியின் பலெர்மோவில் 1937இல் விஞ்ஞானிகள் பெரியேயும் செக்ரேயும் கண்டெடுத்தார்கள். ஸ்கேனுக்குப் பயன்படும் வகையின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 6 மணி நேரம். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜூரோங் வாசகர்: அந்த நாலு எழுத்துக்கு பிஸ்மத்?

பதில்: கதிரியக்கம் உண்டு, 2003இல்தான் உறுதியானது. அரை ஆயுளோ பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல். எந்தப் புதிர்க்காரரும் அவ்வளவு பொல்லாதவர் இல்லை, தோரியத்தையே போடுங்கள்.