வெண்டிங் மெஷின் வைத்தால் காசு நிற்குமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை வளாகத்தில் சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் தரும் வெண்டிங் மெஷின் வைக்க நினைக்கிறேன். "ஆளே வேண்டாம், தானாகச் சம்பாதிக்கும்" என்கிறார் மெஷின் விற்பவர். நம்பி இறங்கலாமா?

பதில்: இடம் நல்ல இடம். ஆனால் விற்பவர் போட்டுக் காட்டும் கணக்கை நம்பாதீர்கள்.

நம் நாட்டில் பாக்கெட் பொருளை எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது, மெஷினுக்கும் அதே சட்டம்தான், ஆக டீலர் விட்டுத்தருகிற கழிவுதான் உங்களுக்கு மொத்த வருமானமே. 20 ரூபாய் பாக்கெட்டில் 3 ரூபாய் நிற்கிறது, ஒரு நாளைக்கு 50 பாக்கெட் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 4,500 ரூபாய். வாடகை, கரண்ட், சரக்கு நிரப்பப் போய்வரும் செலவு, காலாவதியாகும் சரக்கு, மெஷின் தவணை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது! கப்பில் ஊற்றித் தரும் டீ, காபிக்கு விலை வைப்பது நீங்கள். உங்கள் இடத்துக்கு நான் முதலில் சொல்வது காபி மெஷின்தான், சிப்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். தினமும் ஒருவர் வந்து கழுவ வேண்டும், அந்தச் சம்பளத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

இந்தத் தொழிலே காத்திருப்பவர்களை வைத்து வளர்ந்ததுதான். முதலாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் இருந்த கிரேக்கப் பொறியாளர் ஹீரோன் எழுதிவைத்த கருவியில், காசு விழுந்த எடையில் நெம்புகோல் சாய்ந்து கோயில் தீர்த்தம் அளவாக வரும், காசு நழுவியதும் நின்றுவிடும். நவீன மெஷின் 1883-இல் லண்டனில் அஞ்சலட்டை விற்றது, 1888-இல் நியூயார்க் ரயில் நடைமேடைகளில் சூயிங்கம் விற்றது. ஜப்பானில் 1967-இல் 100 யென் வெள்ளிக் காசுக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் காசு வந்து தாராளமாகப் புழங்க ஆரம்பித்தது, அங்கே மெஷின்கள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நமக்குச் சில்லறைதான் பெரிய தடையாக இருந்தது, 2016-இல் வந்த யுபிஐ அதைத் தீர்த்துவிட்டது.

ஆனால் யுபிஐ-க்கு சிக்னல் வேண்டும். ஆஸ்பத்திரித் தரைத்தளத்தில் பல இடங்களில் அது கிடைக்காது, பணம் போய்ப் பொருள் வராவிட்டால் நோயாளியோடு வந்தவர் என்ன மனநிலையில் இருப்பார் என்று யோசியுங்கள். பொருள் விழுந்ததா என்று பார்க்கும் சென்சார் உள்ள மெஷினாக, விழாவிட்டால் பணத்தைத் தானே திருப்பி அனுப்புவதாகப் பார்த்து வாங்குங்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் பரவாயில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். வாடகையை நிலையான தொகையாக ஒப்புக்கொள்ளாமல் விற்பனையில் பங்காகக் கேளுங்கள். முடிந்தால் முதல் சில மாதம் மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓர் இரவு அந்த வளாகத்திலேயே உட்கார்ந்து, கேன்டீன் மூடியபின் டீக்காக எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்று எண்ணுங்கள்.