வாய் திறக்காத மாதக் கூட்டம் – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். கப்பலூர் தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பர்சனல் ஆபீசராக இருக்கிறேன். ப்ரஸ் (ரப்பரை மோல்டு என்ற அச்சில் அழுத்துவது), ட்ரிம்மிங் (ஓரப் பிசிறை அறுப்பது), பேக்கிங் எல்லாம் சேர்த்து 140 பேர். பாதிக்கு மேல் பெண்கள். கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கம்பெனி வேனில் வருகிறார்கள்.

தீபாவளி போனஸ் வாங்கியதும் பலர் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். அதற்காக முதலாளி போன வருஷம் ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தார். அவர் சொன்னபடி வாட்ஸாப் குரூப், ஆலோசனைப் பெட்டி, பிறந்தநாளுக்குக் கேக், மாதத்தின் சிறந்த தொழிலாளி பரிசு, 40 கேள்விகள் உள்ள ஒரு படிவம் என்று எல்லாம் செய்தோம். படிவத்தில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ‘திருப்தி’ என்றே டிக் போட்டிருக்கிறார்கள். மாதக் கூட்டத்தில் ‘குறை இருந்தா சொல்லுங்க’ என்றால் தரையைப் பார்க்கிறார்கள். வேனில் ஏறியதும் அத்தனையும் பேசுகிறார்கள். டிரைவர் வந்து எனக்குச் சொல்கிறார். இவர்களை எப்படிப் பேசவைப்பது? மாதப் பரிசை நிறுத்திவிடலாம் என்று சூப்பர்வைசர்கள் சொல்கிறார்கள். அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியிலும் வேலையைப் பற்றியே பேசுகிறார்கள் என்றால் அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. பேசவும் தெரிகிறது. உங்களிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான். அதற்குப் பயம், கூச்சம் என்று காரணம் சொல்லிவிடலாம். அதுவும் உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் பெரிய காரணம் வேறு. முன்பு சொன்னது என்ன ஆயிற்று என்று யாரும் அவர்களிடம் திரும்பி வந்து சொல்லவில்லை. உங்கள் பெட்டியில் முதல் மாதம் சில சீட்டுகளாவது விழுந்திருக்கும். அவற்றுக்கு என்ன பதில் போனது என்று தேடிப் பாருங்கள்.

முதலில் ஒன்று. டிரைவரிடம் விசாரிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். விஷயம் தெரிந்தால் வேனிலும் பேச்சு நின்றுவிடும், அந்த மனிதரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மதுரையில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில், அறுந்த இழையை முடிச்சுப் போடும் சைடராக இருந்த ஒரு அக்கா, நூல் சுற்றும் பாபின்களை வைத்துத் தள்ளும் வண்டியின் ஒரு சக்கரம் சிக்கிக்கொள்கிறது என்று மேஸ்திரியிடம் சொன்னார். அவர் அன்றைக்கே ஃபிட்டரை அழைத்துவந்து பேரிங்கை மாற்ற வைத்தார். மறுநாள் காலையில் அந்த அக்காவிடமே வண்டியைத் தள்ளச் சொல்லி, ‘இப்ப சரியா இருக்கா?’ என்று கேட்டுவிட்டுத்தான் போனார். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே அக்கா வேறொன்று சொன்னார். இரவு ஷிஃப்டில் விடியற்காலை நேரத்தில், கூடத்தின் ஒரு மூலையில் மட்டும் இழை அதிகமாக அறுகிறதாம். போய்ப் பார்த்தால், ஈரக்காற்று வருகிற வழியில் அந்தப் பக்கத்துத் தகடு பாதி மூடிக் கிடந்தது. காற்று காய்ந்தால் பஞ்சு இழை அறும் என்பது மில்லில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மூலையில், அந்த நேரத்தில் அறுகிறது என்பது அங்கே நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

சக்கரத்தைச் சொன்னபோது யாரும் வந்திருக்காவிட்டால் இழை பற்றிய பேச்சே வந்திருக்காது. ஆட்கள் முதலில் சின்னதைச் சொல்லித்தான் பார்ப்பார்கள். கையுறை கிழிந்திருக்கிறது, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, மின்விசிறி எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. இதையெல்லாம் அற்ப விஷயம் என்று நினைத்து, நம் மேலாளர்கள் ‘உருப்படியா ஏதாவது சொல்லுங்க’ என்கிறார்கள். அதோடு கதை முடிந்தது.

டொயோடா தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர் கைக்கு எட்டும்படி ஒரு கயிறு இருக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பமும் நெசவில் இருந்து வந்ததுதான். சாகிச்சி டொயோடா செய்த தறி, ஒரு இழை அறுந்தால் தானாக நின்றுவிடும். அவர் மகன் 1937-இல் தொடங்கிய கார் கம்பெனியிலும் அதே எண்ணம் தொடர்ந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் அங்கே வந்து நிற்பார். அவரால் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். கயிறு யார் வேண்டுமானாலும் கட்டலாம். இழுத்தால் ஆள் வருவார் என்ற நம்பிக்கைதான் அதில் பெரிய விஷயம்.

அதனால் மாதக் கூட்டத்தை விட்டுவிட்டு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் எடுங்கள். ப்ரஸ் பக்கத்திலேயே, நின்றபடியே. அந்தப் பத்து நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேன் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பேச வேண்டியவர் நீங்களும் இல்லை, முதலாளியும் இல்லை, அந்தந்த சூப்பர்வைசர். ‘குறை இருந்தா சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘நேத்து எந்த மோல்டுல ஓரப் பிசிறு ஜாஸ்தியா வந்துச்சு?’ என்று ட்ரிம்மிங்கில் கேட்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க அதை அறுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு எந்த மோல்டு தேய்ந்துவிட்டது என்று க்வாலிட்டி ரிப்போர்ட்டுக்கு முன்பே தெரியும்.

சொன்னதை ஒரு பலகையில் எழுதுங்கள். என்ன சொன்னார்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். முடியாதது என்றால் ‘முடியாது, இன்ன காரணம்’ என்று அதையும் எழுதுங்கள். முடியாது என்ற பதிலை ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள், பதிலே இல்லை என்பதைத்தான் மன்னிக்க மாட்டார்கள். சூப்பர்வைசருக்கு மாதம் ஒரு சின்னத் தொகையை, யாரிடமும் கையெழுத்து கேட்காமல் செலவு செய்ய விடுங்கள். ஒரு தாழ்ப்பாளுக்கு மூன்று கையெழுத்து வேண்டும் என்றால் அவரும் பாவம், என்னதான் செய்வார்? பேச்சு மேலே போகிற வழி அவர்தான். அவரைத் தாண்டி நீங்கள் நேராகத் தொழிலாளியிடம் போனால் அவர் அந்த வழியை அடைத்துவிடுவார்.

40 கேள்விப் படிவம் பற்றி. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1928-இல் இருந்து 20,000 பேருக்கு மேல் பேட்டி எடுத்தார்கள். தயாராக எழுதி வைத்த கேள்விகளோடுதான் தொடங்கினார்கள். தொழிலாளிகள் கேட்டதை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததையே பேசினார்கள். கடைசியில் கேள்விப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு அவர்களைப் பேசவிட்டார்கள். உங்கள் படிவத்தையும் அப்படியே ஓரம் வையுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு வேண்டும், அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை இருக்க வேண்டும், பெண்களுக்குப் போதிய இடம் வேண்டும், புகாரை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2020 தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு சொல்கிறது. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு குழு பேருக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் ட்ரிம்மிங் பெண்கள் தாங்களே பேசி அனுப்பிய ஒருவர் இருக்கிறாரா, ஆபீஸ் பார்த்துப் போட்ட பெயரா?

வாட்ஸாப் குரூப்பில் வேன் நேரம், லீவு அறிவிப்பு போதும். கழிவான பீஸைப் படமெடுத்து, செய்தவர் பெயரோடு போடுகிற வழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். வீட்டில் பிள்ளைகள் அந்த போனைப் பார்க்கிறார்கள்.

பரிசு விஷயத்தில் சூப்பர்வைசர்கள் சொல்வதுதான் சரி. பக்கத்தில் இருப்பவர் சேர்ந்து செய்தால்தான் முடிகிற வேலையில் ஒருவரை மட்டும் மேடை ஏற்றினால் மற்றவர்களுக்கு வருத்தம்தான் மிஞ்சும். அந்தப் பணத்தைச் சூப்பர்வைசர் கையில் கொடுக்கச் சொன்னேனே, அதில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், தீபாவளிக்குப் பிறகு நிற்கிறவர்கள். ஐப்பசியில் கேட்டால் முடிவு எடுத்துவிட்டிருப்பார்கள், எடுத்த முடிவை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். ஆவணியிலேயே சூப்பர்வைசர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசட்டும். போன வருஷம் நின்றவர்கள் வீட்டுக்கு நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். இப்போது உங்களிடம் வேலை இல்லாததால் ஒளிக்காமல் சொல்வார்கள். வேன் ராத்திரி ஒன்பதுக்குக் கொண்டுவந்து விடுகிறது என்பார்கள், பக்கத்து ஷெட்டில் ஆயிரம் ரூபாய் கூட என்பார்கள். சம்பளம்தான் காரணம் என்று தெரிந்தால் அதைப் பூசி மெழுகாமல் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.